அவனுக்குக் கொடுத்த நெஞ்சை எனக்கும் கொடு

1997 பிப்ரவரியில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்துப் பிளானோவில் எல்லோருக்கும் வந்த காய்ச்சல்தான். எல்லோரையும் விட்டுப் போய்விட்டது. என்னை விட்டுப் போகும்போது மட்டும் எதையோ எடுத்துக்கொண்டு போனது.

எனக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் வேலை. காய்ச்சல் போன பிறகு பார்க்கிங்கிலிருந்து என் மேஜைக்கு நடந்தாலே மூச்சு வாங்கியது. மாடிப்படியை விட்டு லிஃப்டில் போனேன். யாரும் பார்க்காதபடி அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். க்ளினிக்கில் மார்ச்சளி என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மார்ச் மாதத்தில் படுக்கவே முடியவில்லை. மல்லாந்து படுத்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறுவது போல் இருக்கும். ரிக்ளைனர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே பாத்ரூம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. என் மனைவி சுமதிக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. அவள் மோகனுக்குப் போன் செய்தாள்.

மோகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது அவனைப் பற்றிய சாட்சியும்தான். மோகன் சென்னைக்காரன், என் கம்பெனியிலேயே வேலை, எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கல்யாணம் ஆகாதவன். என்னை விட ஒரு வயது பெரியவன். தினமும் காலையில் ஓடுவான். சனிக்கிழமை டென்னிஸ். எதை வேண்டுமானாலும் சாப்பிடுவான், குடிப்பான். மாதாமாதம் முருகனுக்காக நாம் கூடும் கிருத்திகைக் கூட்டத்துக்கு வருவான். ஆனால் தீபாராதனை தொடங்கும்போது எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். "சாமி உங்களுக்கு, சாம்பார் எனக்கு" என்பான். ஒருநாள் கூட அவன் கைகூப்பி நான் பார்த்ததில்லை.

அந்த மோகன் என்னைக் கைத்தாங்கலாகத் தூக்கி, காரில் போட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்தான். எக்கோ எடுத்தார்கள். திரையில் என் இதயம் தெரிந்தது. பெரிதாக, தளர்ந்து, அசைவதற்கே சோம்பல்படுவது போல இருந்தது. ஏதோ வைரஸ் தாக்கியிருக்கலாம் என்றார்கள். டாக்டர் சொன்ன வார்த்தை, ஹார்ட் ஃபெயிலியர். படித்த காலத்தில் ஒரு பரீட்சையில் கூட நான் ஃபெயில் ஆனதில்லை. எனக்கு அழுகை வந்தது. மருந்துகளுக்கு நெஞ்சு கட்டுப்படாவிட்டால் வேறொரு இதயம் வைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார்கள். எங்கள் பெண் அபிராமிக்கு ஆறு வயது. கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. வேலை போனால் விசா போகும், இன்ஷூரன்ஸ் போகும். சுமதி என் காலடியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிப் போர்வையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தேன். உப்புக் கூடாது. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். விரதம் கூடவே கூடாது. அந்த டெக்சஸ் கோடையில்தான் பொறாமை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது.

அதற்கு முன்னாலும் பொறாமைப்பட்டிருக்கிறேன். யாருக்காவது பிரமோஷன் வந்தால் ஒரு நாள், இரண்டு நாள் இருக்கும், போய்விடும். இது அப்படி இல்லை. தெருவில் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குடித்துக்கொண்டே போகிறவனைப் பார்த்தால் பொறாமை. இந்தியன் கடையில் அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் பொறாமை. எதிர்வீட்டில் எழுபது வயதுக்காரர் வெயிலில் புல் வெட்டுவார், அவர் மேல் பொறாமை. மல்லாந்து படுத்துத் தூங்கும் என் சொந்த மனைவி மேல் பொறாமை. தைப்பூசத்துக்கு உடுமலையிலிருந்து பழனிக்குப் பேசிக்கொண்டே நடந்து போன பழைய பழனிவேலான என் மேல் கூடப் பொறாமை.

எல்லாவற்றுக்கும் மேலே மோகன்.

அவன் செய்ததெல்லாம் உதவி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் வீட்டுப் புல்லை அவன் வெட்டினான். சுமதிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். அவள் லைசென்ஸ் வாங்கிய அன்று முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றாள். "பார்த்தீங்களா, பேரலல் பார்க்கிங் ஒரே தடவைல போட்டுட்டேனுங்க!" என்றாள். "நல்லது" என்றேன். அந்தச் சிரிப்பை அவளுக்கு நான் கொடுத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே அபி புது சைக்கிளில் ஏறியிருந்தாள். மோகன் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். தெருக்கோடி வரை ஓடினான், திரும்பி ஓடி வந்தான். அவனுக்கு மூச்சே வாங்கவில்லை. சிரித்துக்கொண்டு பேசிக்கொண்டே ஓடினான். பிறகு கையை விட்டான். அவள் விழாமல் போனாள்.

உள்ளே ஓடிவந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "அப்பா! ஐ டிட் இட்! மோகன் அங்கிள் லெட் கோ அண்ட் ஐ டிட் இட்!"

"சூப்பர்டா கண்ணு" என்றேன். என் நெஞ்சு கடகடவென்று அடித்துக்கொண்டது. கழுத்து நரம்பு துடிப்பது எனக்கே தெரிந்தது. உட்கார்ந்த இடத்தில் ஓடி வந்தவன் போல் மூச்சு வாங்கியது.

எங்கள் வீட்டில் துண்டு மடித்து வைக்கும் அலமாரியின் மேல்தட்டுதான் பூஜை அறை. அன்று முருகன் படத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேண்டினேன். என்ன வேண்டினேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். 'எனக்குச் சுகம் கொடு' என்று நான் கேட்கவில்லை. 'கிருத்திகை தவறாமல் விரதம் இருந்தவன் நான். உன் பெயரை வைத்துக்கொண்டிருப்பவன் நான். உன்னைக் கும்பிடாதவனுக்குக் கல் மாதிரி நெஞ்சு, எனக்கு இந்த நெஞ்சா? அவனுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடு. அவனிடமிருந்து எடுத்துக் கொடுத்தாலும் சரி' என்று வேண்டினேன்.

இப்படியும் ஒரு பிரார்த்தனையா என்று நீங்கள் நினைக்கலாம். அன்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

ஜூலையில் டாக்டர் ஒரு புது மருந்தைப் பற்றிப் பேசினார். ஐம்பது வயது இருக்கும் அமெரிக்கப் பெண்மணி. அவசரப்படாமல் பேசுவார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில் சொல்கிறேன். "உங்கள் இதயம் பலவீனமாக இருப்பது உடம்புக்குத் தெரிகிறது. ஏதோ பெரிய ஆபத்து வந்துவிட்டது என்று நரம்புகள் பயந்துபோகின்றன. ஓடு, ஓடு என்று இதயத்தை விரட்டுகின்றன. உதவி செய்வதாகத்தான் நினைக்கின்றன. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் அது உதவிதான். மாதக்கணக்கில் விரட்டினால் இதயம் இன்னும் கெட்டுப்போகும். இந்த மாத்திரை அந்த விரட்டலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கும்."

மாத்திரையின் வகைக்குப் பீட்டா பிளாக்கர் என்று பெயர். பலவீனமான இதயத்துக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்றுதான் இத்தனை காலம் டாக்டர்கள் நினைத்திருந்தார்களாம். இப்போதுதான் அந்த எண்ணம் மாறியிருக்கிறது என்றார். மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். "முதலில் கொஞ்சம் மோசமாகத் தோன்றலாம். அப்படித் தோன்றினால் உடனே என்னைக் கூப்பிடுங்கள்" என்றார். இந்தக் கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது, மனதில் நிற்கவில்லை.

முதல் அளவு ஒன்றும் செய்யவில்லை. ஆகஸ்டில் அளவைக் கூட்டினார்கள். அதன் பிறகு நான் விழுந்துவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். எழுந்து நின்றால் தலை சுற்றியது. கால் வீங்கி ஷூ ஏறவில்லை. சட்டைப் பித்தான் போடுவதற்கு நடுவில் ஓய்வு எடுத்தேன்.

அந்த மாதக் கிருத்திகைக் கூட்டம் நம் கிருஷ்ணமூர்த்தி அங்கிள் வீட்டில். உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மதுரையில் முப்பது வருடம் வைத்தியம் பார்த்துவிட்டு, மகனோடு இருக்க இங்கே வந்தவர். என் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. என்ன மருந்து என்று கேட்டார். சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"வேலு, யாருப்பா இத எழுதிக் கொடுத்தது? வீக் ஹார்ட்டுக்கு பீட்டா பிளாக்கரா? நாங்க படிக்கறப்ப எக்ஸாம்ல இப்படி எழுதினா ஃபெயில் பண்ணிருவாங்கப்பா. இருக்கற கொஞ்ச பலத்தையும் இது அமுக்கிடும். உன் கால் அதத்தானே சொல்லுது?"

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. என்னைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியிருந்தது. சுமதி பயந்துவிட்டாள். "நிறுத்திப்போடலாமுங்க. எனக்கு உங்களை இப்படிப் பார்க்க முடியலீங்க" என்றாள். அன்று எல்லோரும் புளியோதரையும் வடையும் சாப்பிட்டார்கள். நான் உப்பில்லாத தயிர்சாதத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். மோகன் வாசலில் குழந்தைகளைத் தூக்கிச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை நாற்காலியைப் பூஜை அலமாரி முன்னால் போட்டேன். மாத்திரைக் குப்பியை முருகன் படத்தடியில் வைத்தேன். 'சாப்பிடவா, நிறுத்தவா, நீயே சொல்' என்றேன். உள்ளுக்குள் நிறுத்துவதென்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன். சாமியும் சரி என்று சொல்லிவிட்டால் போதும் என்று காத்திருந்தேன்.

கராஜ் பக்கமிருந்து மோகன் உள்ளே வந்தான். என்னையும் குப்பியையும் பார்த்தான். சுமதி விஷயத்தைச் சொன்னாள். அவன் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"டேய் வேலு, சாமியக் கேட்டாச்சு. அங்கிளக் கேட்டாச்சு. மாத்திரை கொடுத்தவங்களக் கேட்டியா?"

எனக்குக் கோபம் வந்தது. "உனக்கு என்னடா தெரியும்? உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே. ஓடறே, ஆடறே. என் வீட்டுல எல்லாத்தையும் நீதான் பண்றே. இதையும் நீயே முடிவு பண்ணு!"

சுமதி அப்படியே நின்றுவிட்டாள். மோகன் எழுந்து, சுமதியிடம் க்ளினிக் நம்பரை வாங்கி, சமையலறைப் போனில் பேசினான். திரும்பி வந்து, "இப்பவே வரச் சொல்றாங்க. என்னை எவ்ளோ வேணா திட்டு, கார்ல திட்டிக்கிட்டே வா" என்றான்.

டோல்வே சுங்கச்சாலையில் போகும்போது நான் திட்டவில்லை. அதற்கு எனக்கு மூச்சும் இல்லை. 'கொடுத்தவங்களக் கேட்டியா' என்ற அந்த ஒரு கேள்வி மட்டும் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் சாமியிடம் 'நீயே சொல்' என்று கேட்ட பிறகு என்னிடம் வந்த முதல் பேச்சு அதுதான். கைகூப்பாத ஒருவன் வாயிலிருந்து வந்ததால், அது எனக்கு வந்த பதில் என்று உறைக்கவே டோல்வேயில் பாதி தூரம் ஆகிவிட்டது. உறைத்ததும் சந்தோஷம் வரவில்லை. 'பதிலைக் கூடவா இவன் மூலமாக அனுப்ப வேண்டும்?' என்று முருகன் மேலேயே கோபப்பட்டேன்.

டாக்டர் என் கால்களைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். மாத்திரையை நீங்களாக நிறுத்தவில்லையே என்று இரண்டு தடவை கேட்டார். "நல்ல வேளை. திடீரென்று நிறுத்தியிருந்தால் அடங்கியிருந்த விரட்டல் எல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்திருக்கும்" என்றார். பிறகு தண்ணீர் இறக்கும் மாத்திரையைக் கூட்டினார். பீட்டா பிளாக்கரைச் சிறிய அளவுக்கே திருப்பினார், கொஞ்ச காலம் அதிலேயே நிற்கலாம் என்றார். "இத்தனை நாள் விரட்டலிலேயே ஓடிய இதயம் இது. விரட்டல் நின்றதும் முதலில் தடுமாறும். எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்" என்றார்.

கால் வீக்கம் ஒரு வாரத்துக்குள் வடிந்தது. மற்றது வடியக் காலம் ஆனது. செப்டம்பர் போய், அக்டோபரில் மறுபடி மெல்ல அளவைக் கூட்டினார்கள். இந்தத் தடவை நான் விழவில்லை. ஒரு சாயங்காலம் வழக்கம் போல் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே மோகன் அபியோடு பந்து எறிந்து விளையாடிக்கொண்டிருந்தான். எனக்கு வழக்கம் போல் பொறாமை வந்தது. ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். நிதானமாக, தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. மனம் பொறாமைப்படுகிறது, நெஞ்சு அதைக் காதில் வாங்கவில்லை! எனக்குச் சிரிப்பு வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். "என்கிட்டயும் போடுடா" என்றேன். மோகன் மெதுவாகப் பந்தைப் போட்டான். பிடித்தேன். மூன்றாவதை விட்டுவிட்டேன், அபி ஓடிப்போய் எடுத்து வந்தாள்.

டிசம்பரில் கட்டிலில் மல்லாந்து படுத்தேன். தலையணை ஒன்றே ஒன்று. 1998 வசந்தத்தில் எக்கோ எடுத்தார்கள். அதே திரை. இதயம் சுருங்கிச் சிறிதாகியிருந்தது, எனக்கே தெரியும்படி மூடித் திறந்தது. முழுக்கச் சரியாகவில்லை, ஆனால் வேறு இதயம் வைக்கும் பேச்சுக்கு இனி இடமில்லை என்றார் டாக்டர். அவருக்கும் சந்தோஷம், என் கையைப் பிடித்துக்கொண்டார். கிருஷ்ணமூர்த்தி அங்கிளுக்குப் போன் செய்தேன். அவர் ஏற்கெனவே மகனை நூலகத்துக்கு அழைத்துப்போய் இந்த மருந்தைப் பற்றி எல்லாம் படித்திருந்தார். "நான் படிச்சது பழசாயிடுச்சு வேலு. என் பேச்சக் கேக்காம இருந்தியே, அதுவே முருகன் அருள்" என்றார்.

அன்று மோகன் வீட்டுக்குப் போனேன். நடந்தே போனேன். ஆகஸ்டில் அந்தக் காலையில் திட்டியதற்கு வருத்தம் சொன்னேன். அவன் அதை மறந்தே போயிருந்தான், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டான். "அன்னிக்கு ஆபீஸ் போற நேரத்துல எங்க வீட்டுக்கு எதுக்குடா வந்தே?" என்று கேட்டேன்.

"என் புல்வெட்டுற ட்ரிம்மர் உன் கராஜ்ல கிடந்துச்சு. எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"முருகன் அனுப்பினான்டா உன்னை."

"டேய், ட்ரிம்மர்டா."

இதைப் பற்றி எங்களுக்குள் இன்று வரை முடிவு ஏற்படவில்லை. அவன் ட்ரிம்மர் என்கிறான். நான் முருகன் என்கிறேன். அவன் இன்றும் தீபாராதனைக்கு முன்னால் வாசலுக்குப் போய்விடுகிறான். நான் இப்போது தட்டைத் தொட்டு ஒற்றிக்கொண்ட கையோடு வாசலுக்குப் போய், அவன் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.

முருகன் அவனிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. நான் கேட்ட அந்தப் பாதியை மட்டும் விட்டுவிட்டு, மீதியைக் கொடுத்தான். அதற்கு எத்தனை ஜென்மம் நன்றி சொன்னாலும் போதாது. காலையில் மாத்திரையை விழுங்கும்போது திருநீறு இட்டுக்கொள்கிறேன். இரண்டும் எனக்கு ஒரே பூஜைதான்.

போன மாதம் க்ளினிக்கில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எதிரே ஒரு இளைஞர், தெலுங்குக்காரர் என்று பிறகு தெரிந்தது. ஷூ போடாமல், செருப்பில் வீங்கிய கால்கள். மனைவி தோளில் சாய்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டதும் நான் சட்டென்று எழுந்து நடந்தேன். அப்போது அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என் கால்களை, என் மூச்சை, நான் கையை ஊன்றாமல் எழுந்ததைப் பார்த்த பார்வை அது. எனக்குக் கொடுத்ததை அவர் கேட்கிறார்.

நர்ஸிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதே நாற்காலியில் இதே வீங்கிய காலோடு நானும் இருந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. அவர் மனைவி நம்பினாள்.

உங்களில் யாராவது இன்று மூச்சுக்குத் தவித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரின் சுகத்தைப் பார்த்து வயிறெரிந்துகொண்டு இருக்கலாம். இப்படிப்பட்ட மனதோடு சாமி முன்னால் போய் எப்படி நிற்பது என்று தயங்க வேண்டாம். அந்த மனதோடேயே போய் உட்காருங்கள். நானும் அப்படித்தான் போனேன், அவன் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். பதில் யார் வாயிலிருந்து வந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பிடிக்காதவர் வாயிலிருந்து வந்தாலும்.

என் மேல் பொறாமை வந்தால் வரட்டும். வந்து என் பக்கத்தில் உட்காருங்கள்.